தாமரையும் புத்தர் பெருமானும்

சேற்றிற் பிறந்தும் சேறு படியாத தாமரையைப் பௌத்தர் தூய்மைக்கு அறிகுறியாகக் கொண்டனர் என்பதை நாம் அறிவோம். ஆயின் அம்மலர் உணர்த்தும் பொருள் அவ்வளவில் நிற்பதன்று.

போதி எய்திய புத்தர், தாம் கண்ட அறம் நுண்ணிதாதலின் உலகோர்க்கு விளங்காதென எண்ணி, அதனை உரையாது வாளா இருக்கக் கருதினார் எனப் பாலி மொழியிலுள்ள மஜ்ஜிம நிகாயம் கூறுகின்றது. சகம்பதி என்னும் பிரமன் இரந்து வேண்டவே, அவர் உலகினை அருளோடு நோக்கினார். ஒரு பொய்கையில் நீருள் மூழ்கியனவும், நீர்மட்டத்தில் நிற்பனவும், நீரின்மேல் எழுந்து நனையாது விளங்குவனவுமாகிய தாமரைகளைப்போல மாந்தர் பலதிறப்பட்டுத் தோன்றினர். கேட்பின் உணர்வாரும் உளர் எனத் தெளிந்து, அறமுரைக்க இசைந்தார்.

நீருள் மூழ்கிய அரும்பும் தாமரையே. மேலெழுந்து மலர்ந்ததற்கும் வேர் அச்சேற்றிலேயே உளது. ஆதலின் இவ்வுவமை தூயோரைப் புகழ்வதோடு அமையாது, பின்தங்கியோரைக் கைவிடலாகாது என்பதையும் நமக்கு அறிவுறுத்துகின்றது எனலாம்.