தாந்தீன் வீட்டுத் துவரை

டிசம்பர் பிறந்துவிட்டால், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் என் வீட்டுக் கதவைத் திறப்பதில்லை. நேரே பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போய்விடுவேன். அங்கே தாந்தீன் உட்கார்ந்திருப்பார். மடியில் அகலமான அலுமினியத் தட்டு, காலடியில் ஒரு சாக்கு நிறையப் பச்சைத் துவரங்காய். "வா மகளே, கை கழுவிட்டு உட்காரு" என்பார். எட்டு மணி வரைக்கும் உரிப்போம். மறுநாள் காலையில் கரும்பலகையில் எழுதும்போது பார்த்தால் நகக்கண் எல்லாம் கறுத்திருக்கும்.

தாந்தீனுக்கு எண்பத்தொரு வயது. தாந்தீன் என்பது பெயரில்லை. அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாம் சேர்ந்த ஒரே சொல் அது. தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டிலும் அப்பாவின் அக்காவை 'தாந்த்' என்றுதான் கூப்பிட்டோம். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அதனால் வந்த பழக்கம். 2003-ல் பிரெஞ்சு வாத்தியாராக இந்தத் தீவுக்கு வந்து இறங்கியபோது, காதுக்குப் பழக்கமாகப் பட்ட முதல் சொல் அதுதான்.

தீவின் பெயர் குவாதலூப். கரீபியன் கடலில், வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்த வடிவத்தில் இருக்கும். ஒரு சிறகு மலையும் மழையும், அதன் உச்சியில் 1,467 மீட்டர் உயரத்தில் சூஃப்ரியேர் எரிமலை. இன்னொரு சிறகு சமதரை, கண்ணுக்கெட்டும் தூரம் கரும்பு. நடுவில் ஒரு குறுகலான உப்புநீர்க் கால்வாய். 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம் இது, செலவழிப்பது யூரோ. நான் இருக்கும் காப்பெஸ்டேர் ஊர் மலைச் சிறகின் கிழக்குக் கரையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது.

அந்தத் துவரைக்குத் திரும்புகிறேன். முதல் டிசம்பரில் அந்தக் காயைப் பார்த்ததும், "இது எங்க ஊர்ச் செடி" என்று தாந்தீனிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "இது புவா தாங்கோல், அங்கோலாவிலிருந்து வந்தது. எங்க முன்னோரோட வந்தது" என்றார். இரண்டுமே உண்மை. துவரை இந்திய மண்ணில் விளைந்து, கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், அந்தக் கண்டத்தைக் கடந்து, அடிமைக் கப்பல்களின் காலத்தில் இந்தப் பக்கம் வந்த பயிர். பகல் குறுகினால்தான் பூக்கும் செடி. அதனால் ஊரில் பொங்கல் வாக்கில் கிடைக்கும் பச்சைத் துவரை இங்கே கிறிஸ்துமஸுக்குக் கிடைக்கிறது. கிறிஸ்துமஸ் இரவில் பன்றி இறைச்சியும் துவரையும் சோறும் இல்லாத வீடு இந்தத் தீவில் அபூர்வம். நான் பன்றி சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததும் தாந்தீன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கென்று துவரையைத் தனிச் சட்டியில், தேங்காய்ப் பால் விட்டு வேகவைத்தார். இத்தனை வருடமும் அந்தச் சட்டி தனியாகவே இருக்கிறது.

உரித்து முடித்த தட்டை உள்ளே வைத்தபிறகுதான் பாட்டு. நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் 24 வரை ஏதாவதொரு வீட்டில், ஏதாவதொரு தெருமுனையில் 'ஷாந்தே நுவேல்' நடந்துகொண்டே இருக்கும். கிறிஸ்துமஸ் பாட்டுக் கூடுகை என்று சொல்லலாம். பாடல்கள் பழைய பிரெஞ்சு தேவாலயப் பாடல்கள்தான். ஆனால் ஒவ்வொன்றின் வாலிலும் கிரியோல் மொழியில் துள்ளலான ஓர் அடியைக் கோத்து, தோல் முரசும் மூங்கில் தட்டும் கிலுகிலுப்பையும் சேர்த்து, இந்தத் தீவு அவற்றைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. அழைப்பிதழ் கிடையாது. பாட்டுச் சத்தம் கேட்டால் போகலாம். போனவர் கையில் ஒரு பாட்டுப் புத்தகத்தைத் திணிப்பார்கள், இன்னொரு கையில் காரமான இரத்தத் தொத்திறைச்சியையும் ஆரஞ்சுத் தோல் ஊறிய ரம்மையும் கொடுப்பார்கள். ரம் வேண்டாம் என்றால் செம்பருத்தி இனத்துச் சிவப்புப் பூவில் காய்ச்சிய பானகம் வரும். 24 இரவு கழிந்தால் சட்டென்று நின்றுவிடும். 26-ஆம் தேதி யாராவது முணுமுணுத்தால் தாந்தீன், "முடிஞ்சுபோச்சு, அடுத்த வருஷம்" என்பார்.

விருந்துகளைப் பற்றி மட்டும் சொன்னால் இங்கே தினமும் திருவிழா என்று நினைத்துக்கொள்வீர்கள். சாதாரண நாள் வேறு மாதிரி. விடியற்காலை ஐந்தரைக்கே ஊர் விழித்துவிடும், வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க. மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் நுழைந்தால் அங்கிருக்கும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லியாக வேண்டும். எல்லாரும் பதில் சொல்வார்கள். சொல்லாமல் உட்கார்ந்தால் அது வெறும் மறதியில்லை, அவமதிப்பு. வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ரொட்டிக் கடையில் நேராக "இரண்டு பாகெத்" என்று கேட்டேன். கடைக்கார அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நிதானமாக "வணக்கம்" என்றார். அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

தண்ணீர்தான் பெரிய பாடு. மலையிலிருந்து அருவியாகக் கொட்டும் தீவில், பழைய குழாய்கள் ஒழுகி ஒழுகி, பாதித் தண்ணீருக்கும் மேல் வீடு வந்து சேர்வதில்லை. எந்த நாள் எந்தப் பகுதிக்கு வராது என்று முறை அறிவிப்பார்கள். எல்லார் வீட்டிலும் டிரம் இருக்கிறது. சென்னையில் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது விலை. கடைகளில் இருப்பதில் பெரும்பகுதி கடல் கடந்து வருகிறது. வந்த செலவெல்லாம் நம் தலையில். 2009 ஜனவரி 20-ல் அதற்கெதிராகத் தொடங்கிய பொது வேலைநிறுத்தம் 44 நாள் நீடித்தது. பெரிய கடைகள் மூடிக்கிடந்தன, பெட்ரோல் இல்லை, பள்ளியும் இல்லை. அப்போதுதான் தெருவில் ஒவ்வொரு வீட்டின் பின்கட்டிலும் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். வள்ளிக்கிழங்கு, சேம்பு, வாழை, வேலியோரத்தில் ஈரப்பலா. தாந்தீன் ஈரப்பலாவைக் கரியடுப்பில் முழுசாகப் போட்டுச் சுட்டார், தோல் கருகும் வரை. பிளந்தால் உள்ளே வெண்ணெய்போல் இருந்தது. அதற்கு முட்டை கொடுத்தது எதிர்வீடு, மீன் கொடுத்தது மூன்றாவது வீடு. கஷ்டமான மாதம்தான், பிள்ளைகள் படிப்பு போனது. ஆனாலும் தெருவில் ஒருத்தரும் பசியோடு படுக்கவில்லை, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஞானஸ்நானம், முதல் நற்கருணை, கல்யாணம், இந்த மூன்றுக்கும் ஒரு மணம் உண்டு. 'ஷோதோ'வின் மணம். பாலும் முட்டையும் பட்டையும் ஜாதிக்காயும் வெனிலாவும் எலுமிச்சைத் தோலும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டியான சூடான பானம். கூடவே பஞ்சுபோன்ற கேக். அதற்கு முட்டையைக் கையால் அடித்து அடித்தே பொங்க வைக்க வேண்டும். அடிக்கும்போது யாரும் சிடுசிடுக்கக் கூடாது, கேக் அமுங்கிவிடும் என்பது தாந்தீனின் சட்டம். அன்றைக்குப் பாட்டிமார் கட்டம்போட்ட துணியில் பாவாடையும் தலைக்கட்டும் உடுத்துவார்கள். அந்தத் துணியின் பெயர் மத்ராஸ். ஆமாம், நம் மதராஸ்தான். சோழமண்டலக் கரையில் நெய்த கட்டத் துணி, தமிழர்கள் இங்கே வருவதற்கு முன்பே வணிகக் கப்பலில் வந்து, இந்தத் தீவுப் பெண்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

துணியும் துவரையும் வந்தபின் மனிதர்கள் வந்தார்கள். 1848-ல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலையான மக்கள் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்ப மறுத்தார்கள், வேறென்ன செய்வார்கள். முதலாளிகள் இந்தியாவைத் தேடினார்கள். 1854 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், 'ஒரேலி' என்ற கப்பல் 344 பேரைப் புவாந்த்-அ-பீத்ர் துறைமுகத்தில் இறக்கியது. 1889 வரை சுமார் 42,000 பேர். கணிசமானோர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள். ஐந்து வருட ஒப்பந்தம். எத்தனையோ பேர் முடிவதற்குள் செத்துப்போனார்கள். ஊர் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அவர்கள் இருக்கிறார்கள். மூத்துசாமி, ராமசாமி, விராப்பேன், சின்னான். ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய சொந்தப் பெயர், எழுத்தரின் பேனாவில் நெளிந்து குடும்பப் பெயராகிவிட்டது. முதல் பெயர் கிறிஸ்தவப் பெயர். இதே காப்பெஸ்டேரில் 1863-ல் பிறந்த ஆன்றி சிதாம்பரோம், அதாவது நம் சிதம்பரம், இந்தியர்களின் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று 1904-ல் தொடங்கிய சட்டப் போராட்டத்தை 1923-ல் வெல்லும் வரை விடவில்லை. பாடப் புத்தகத்தில் அவருக்கு இன்னும் நிறைய இடம் கொடுத்திருக்க வேண்டும். நான் என் வகுப்பில் கொடுக்கிறேன்.

அந்தக் குடும்பங்களின் நெஞ்சுக்குள் போக எனக்கு ஆறு வருடம் ஆனது. வழி திறந்தது நவம்பரில்.

நவம்பர் 1, சகல புனிதர் நாள். அதற்கு ஒரு வாரம் முன்பே கல்லறைகளுக்கு வெள்ளையடித்துக் கழுவத் தொடங்குவார்கள். தீவின் கல்லறைகள் சிறு வீடுகள்போல இருக்கும். மோர்ன்-அ-லோ ஊரில் மலைச்சரிவு முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டமாக ஓடு பதித்த கல்லறைகள், தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு நகரமே தெரியும். சாயங்காலம் ஆயிரக்கணக்கான மெழுகுவத்திகள் ஏற்றுவார்கள். அழுகை கிடையாது. வாசலில் வறுத்த வேர்க்கடலை விற்பார்கள், மர வாளியில் கையால் சுற்றிய தேங்காய் ஐஸ் விற்பார்கள். பாரிஸிலிருந்து வந்த மகனும் உள்ளூர்ச் சித்தப்பாவும் கல்லறை விளிம்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். தாந்தீன் தன் கணவரின் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்றி, அந்த வருடத்துச் செய்திகளை உரக்கவே சொல்வார். யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்த மரம் விழுந்தது. 2017 செப்டம்பரில் மரியா புயல் வாழைத் தோட்டங்களை அநேகமாக முழுக்கச் சாய்த்துப் போட்ட வருடம், சொல்லி முடிக்க அவருக்கு ரொம்ப நேரமானது.

அந்த வாரத்தில்தான் இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் 'சம்ப்ளானி' செய்கிறார்கள். 2009-ல் ஒரு மாணவியின் தாத்தா என்னைக் கூப்பிட்டிருந்தார். சம்ப்ளானி என்றால் என்னவென்று தெரியாமல் போனேன். வாசல் தாண்டியதும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. சாம்பிராணி. உள்ளறையில் வாழையிலை விரித்து, செத்துப்போனவர்களின் படங்களுக்கு முன்னால் அவரவருக்குப் பிடித்ததைப் படைத்திருந்தார்கள். சோறு, வடை, ஆட்டுக்கறிக் 'கொலொம்போ', ஒரு குவளை ரம், ஒருவருக்குச் சுருட்டு. கொலொம்போ இந்தத் தீவு முழுக்க எல்லாரும் சமைக்கும் குழம்பு. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம், மிளகு அரைத்த பொடி சந்தையில் குவித்து விற்கும். குழம்பு என்ற சொல்தான் அப்படி ஆனது என்று பலர் சொல்கிறார்கள். சாப்பிட்டுப் பார்த்த எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் வீட்டுப் படையல் இதுதான். ஆடி அமாவாசைக்குப் பதில் நவம்பர், அவ்வளவே.

பெரியவர் மாரியம்மனுக்குப் பாடுபவர். இங்கே அவள் 'மாயேமே'. கோயிலில் அவர் அடிக்கும் மேளம் 'மத்தலோன்', தோல் பறை 'தப்பு'. தமிழ் பேச வராது. அவருடைய அப்பாவுக்கும் வராது. பாட்டு மட்டும் வாய்வழியே வந்து, ஒரு நீல நோட்டுப் புத்தகத்தில் பிரெஞ்சு எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் அதை என் முன்னால் வைத்தார். "மதாம், இதுல என்ன சொல்லியிருக்கு? அறுபது வருஷமாப் பாடுறேன்" என்றார்.

படித்தால் ஒன்றும் புரியவில்லை. சொற்கள் தப்பான இடத்தில் வெட்டுப்பட்டிருந்தன. "பாடுங்க" என்றேன். பாடினார். கண்ணை மூடிக் கேட்டபோது வெட்டுப்பட்ட துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அம்மா, வேப்பிலை, கரகம், பிள்ளை. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றுவிட்டார்.

அன்று முதல் லீவு விட்டால் உட்கார்கிறோம். அவர் பாட, நான் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் பிரெஞ்சில் பொருள் எழுதுகிறேன். சில அடிகளுக்கு மாதக்கணக்கில் பொருள் கிடைப்பதில்லை. போன வாரம் அப்படி ஒன்று. அவர் பாடியதைக் கைப்பேசியில் பதிந்து வந்து, முத்தியால்பேட்டையில் அம்மாவுக்குப் போன் போட்டேன். இங்கே சாயங்காலம் ஏழு, அங்கே விடிகாலை நாலரை. அம்மா எழுந்துதான் இருப்பாள். போனைப் பக்கத்தில் வைத்துப் போட்டுக் காட்டினேன். தாந்தீனும் துவரைத் தட்டை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு நின்றது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

பிறகு அடுத்த அடியை அம்மா பாடினாள்.