காற்று யார் பக்கம்?

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களில் நெடுங்காலமாக விளைவது சாமை. நம் நாட்டிலேயே பயிராக்கப்பட்ட தானியம் அது. அந்நிலங்களின் வரப்புகளிலும் சாலையோரங்களிலும் சிறிய வெள்ளைப் பூக்களுடன் நிற்கும் பார்த்தீனியமோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த களை. 1955-ஆம் ஆண்டு வாக்கில் புனே நகரில் கவனிக்கப்பட்ட இச்செடி, பின்னர் நாடெங்கும் பரவியது. சூழல் மாறிவரும்போது இவ்விரண்டில் எதற்கு ஆதாயம்?

முதலில் காற்றைப் பார்ப்போம். தொழிற்புரட்சிக்கு முன், பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 280 பங்கு இருந்தது. 1958-இல் அது சுமார் 315. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இவ்வாயுவைக் கொண்டுதான் இலைகள் சர்க்கரை தயாரிக்கின்றன. ஆனால் எல்லா இலைகளும் ஒரே முறையைக் கையாள்வதில்லை.

சாமை 'சி4' வகையைச் சேர்ந்தது. கிணற்று நீரை இறைத்துத் தொட்டியை நிரப்பிக்கொள்வதுபோல, அதன் இலை கரியமில வாயுவை உட்புறச் செல்களில் செறிவாகச் சேர்த்துக்கொள்கிறது. தொட்டி ஏற்கெனவே நிறைந்திருப்பதால், வெளியே வாயு பெருகினாலும் சாமைக்கு அதிக லாபமில்லை. பார்த்தீனியத்தில் இந்த ஏற்பாடு அரைகுறையானது. ஆகவே வாயு பெருகப் பெருக அது செழிக்கிறது.

அப்படியானால் சாமை தோற்றுவிடுமா? அவசரப்படாதீர்கள். கடும் வெயிலிலும் குறைந்த நீரிலும் சி4 ஏற்பாடே கைகொடுக்கும். காற்று களைக்குத் துணை என்றால், வெயில் சாமைக்குத் துணை.

வெற்றியை முடிவு செய்வது பெரும்பாலும் மண்தான். அடர்ந்த புல்லுக்கிடையே பார்த்தீனியம் தலைதூக்குவது கடினம். மழை பொய்த்து விதைக்காமல் விடப்பட்ட வெற்று நிலமே அதற்கு வாசல். ஒரே செடி 15,000-க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது. அதிலுள்ள பார்த்தீனின் என்னும் பொருள் பிற விதைகள் முளைப்பதையும் தடுக்கிறது.

இக்களையைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984-இல் பெங்களூரில் விடப்பட்டது. மழைக்காலத்தில் இலைகளை நன்றாகவே தின்கிறது. ஆனால் வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் புகுந்து உறங்கிவிடும். எனவே அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

காற்றை ஓர் ஊர் மட்டும் மாற்ற இயலாது. மண்ணை மூடி வைக்க இயலும். தரிசில் ஆவாரையும் தகரையும் வளரட்டும். பார்த்தீனியத்தைப் பூக்குமுன் வேரோடு பிடுங்க வேண்டும். தோலில் அரிப்பு உண்டாக்குமாதலால், கையுறை அவசியம்.

அடுத்த மழைக்குப் பின் ஒரு சோதனை செய்யுங்கள். புல் மூடிய ஒரு சதுர மீட்டரிலும், வெற்று மண்ணில் ஒரு சதுர மீட்டரிலும் பார்த்தீனியம் நாற்றுகளை எண்ணி எழுதுங்கள். மண்ணை மூடுவதால் என்ன பயன் என்பதை அந்த இரண்டு எண்களே காட்டும்.