அரிக்குதா? முதல்ல ட்யூபைத் திருப்பிப் பாருங்க!

பீச்சிலிருந்து தாம்பரம் வரை எலெக்ட்ரிக் ட்ரெயினில் நின்றுகொண்டே வந்தால் சட்டையைப் பிழியலாம். அதே ஜீன்ஸோடு க்ளாஸ், லேப், கிரவுண்ட், அப்புறம் சேலையூர் பக்கம் ஹாஸ்டல். ஐப்பசி, கார்த்திகை வந்தால் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மழைத்தண்ணீரில் நடை. நனைந்த ஷூ காய்வதற்குள் மறுநாள் காலேஜ் வந்துவிடும். இப்படி ஒரு ஏரியாவில் பூஞ்சைக்கு என்ன குறைச்சல்?

தொடையிடுக்கு, அக்குள், பெல்ட் இறுகுகிற இடுப்பு... வட்டமாக, ஓரம் சிவந்து, நடுவில் கொஞ்சம் தெளிந்து, உட்கார விடாமல் அரிக்கும். அதுதான் படர்தாமரை. கால்விரல் இடுக்கில் வந்தால் சேற்றுப்புண். யாருக்கு வேண்டுமானாலும் வரும், இதில் அசிங்கம் எதுவும் இல்லை. ஆனா, வந்த பிறகு நாம செய்யற வேலைதான் வில்லங்கம்!

வீட்டில் சொல்லக் கூச்சம். டாக்டரிடம் காட்ட அதைவிடக் கூச்சம். ரூம்மேட், “மச்சி, இதைப் போடு, ரெண்டே நாள்ல காலி” என்று பாதி பிதுக்கிய ட்யூப் ஒன்றை நீட்டுவார். இல்லையென்றால், கூட்டம் குறையும்வரை மெடிக்கல் ஷாப் ஓரமாக நின்று, “அண்ணே, அரிப்புக்கு ஒரு க்ரீம்” என்று மெதுவாகக் கேட்போம். அவர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிடுவோம். அதில் என்ன மருந்து இருக்கு? யார் பார்த்தது!

ரெண்டு நாள் மேஜிக்

சில ட்யூப்களில் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு என மூன்று நான்கு சமாச்சாரங்கள் கலந்திருக்கும். இதில் ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்லாது. பூஞ்சையோடு நம் உடம்பு போடுகிற சண்டைதான் சிவப்பாகவும் அரிப்பாகவும் தெரிகிறது. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். வாட்ச்மேனைத் தூங்க வைத்த மாதிரி! சத்தம் இருக்காது, திருடன் மட்டும் உள்ளே ஜாலியாக இருப்பான்.

ரெண்டு நாளில் அரிப்பு நிற்கும். ட்யூபைத் தூக்கிப் போட்டால் முன்பைவிட வேகமாகத் திரும்பி வரும். மறுபடி போடுவோம், மறுபடி நிற்கும். இப்படியே மாதங்கள் ஓடினால் வட்டத்தின் வடிவமே மாறிப்போகும். பார்த்தவுடன் படர்தாமரை என்று டாக்டராலேயே சொல்ல முடியாது. 1968-லேயே மருத்துவர்கள் இதற்கு ‘ஆள் அடையாளம் தெரியாத படர்தாமரை’ என்ற அர்த்தத்தில் லத்தீனில் பெயர் வைத்துவிட்டார்கள்.

இன்னொரு தண்டனையும் உண்டு. தோல் மெலிந்து தொடையிடுக்கில் கோடு கோடாக வரி விழும். அரிப்பு போன பிறகும் அந்த வரிகள் முழுசாக மறையாது.

நியூயார்க் வரை போன பூஞ்சை

முன்பெல்லாம் சில வாரங்களில் ஓடிப்போன படர்தாமரை, கடந்த பத்துப் பதினைந்து வருடங்களாக இந்தியாவில் லேசில் அடங்குவதில்லை. 2020-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் ஒரு பூஞ்சைக்கு ‘ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’ என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா! டெர்பினஃபைன் என்ற முக்கியமான பூஞ்சை மருந்துக்கு இது பல நேரம் மசிவதில்லை. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பேரிடம் இதைக் கண்டதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. இப்படிப்பட்ட பூஞ்சை பரவ ஸ்டீராய்டு கலவை க்ரீம்களும், பாதியில் நிறுத்துகிற வைத்தியமும் துணைபோவதாகத் தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

அரசும் சும்மா இல்லை. ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் விதியை இறுக்கியது. அதே வருடம் செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை வந்தது. அதில் சில கலவை க்ரீம்களும் அடக்கம். ஆனா, சீட்டு கேட்காமலே எடுத்துக் கொடுக்கிற கவுன்டர்களும் இருக்கத்தான் செய்கின்றன. அதனால் உஷாராக இருக்க வேண்டியது நாமதான்.

பொடி எழுத்தைப் படிங்க

பிராண்ட் பெயரை விடுங்க. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயர்தான் முக்கியம். க்ளோட்ரிமசோல், கீட்டோகொனசோல், லுலிகொனசோல், டெர்பினஃபைன் இவையெல்லாம் பூஞ்சை மருந்துகள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்ளோமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. க்ளோட்ரிமசோலும் க்ளோபெட்டசாலும் அண்ணன் தம்பி மாதிரி கேட்கும். ஏமாறாதீங்க! முதலாவது பூஞ்சையைக் கொல்லும், இரண்டாவது வீரியமான ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு என்றாலே விஷமும் இல்லை. எக்ஸிமா மாதிரி பிரச்னைகளுக்கு டாக்டர் பார்த்து, இத்தனை நாள் என்று சொல்லிக் கொடுத்தால் நல்ல மருந்து. படர்தாமரைக்கு நாமே போட்டுக்கொள்வதுதான் தப்பு.

மூணு ‘ரெண்டு’

சரியான க்ரீம் கையில் இருந்தாலும் போடுகிற விதம் முக்கியம். இந்த மூன்று ‘ரெண்டு’ ஞாபகம் இருந்தால் போதும். வட்டத்தின் விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவணும். ஒரு நாளைக்கு 2 வேளை. மறைந்த பிறகும் இன்னும் 2 வாரம். சில மருந்துகளுக்கு ஒரு வேளையே போதும், அதைச் சீட்டிலும் ட்யூபிலும் பார்த்துக்குங்க.

கடைசி ‘ரெண்டு’லதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது. அரிப்பு நின்றாலும் பூஞ்சை உள்ளே மிச்சமிருக்கும்.

கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெல்லிசாகத் தடவினால் போதும். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அதுவே சரியாக இருக்கும். முடித்ததும் கையைக் கழுவணும். எரிச்சலோ கொப்புளமோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்க. கண், வாய் பக்கம் கொண்டு போகவே கூடாது.

ட்யூப், டவல், உள்ளாடை, ஜீன்ஸ் எதையும் ‘ஷேர்’ பண்ண வேண்டாம். துணியைத் திருப்பிப் போட்டு நல்ல வெயிலில் காயவைங்க. ஹாஸ்டல் ரூமுக்குள் கொடி கட்டி ஈரமும் வாடையுமாகத் தொங்கவிட்டால், மருந்து ஒரு பக்கம், பூஞ்சை மறுபக்கம் என்று ஆட்டம் முடியவே முடியாது. வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இருந்தால் அவரும் சேர்ந்து வைத்தியம் பார்க்கணும். இல்லாவிட்டால் அவரிடமிருந்து திரும்ப உங்களுக்கே வரும்.

எப்போ டாக்டர்?

இரண்டு வாரத்தில் குறையவில்லை, உடம்பில் பல இடத்துக்குப் பரவுகிறது, முகம், தலை, நகத்தில் வந்திருக்கிறது, சர்க்கரை நோய் இருக்கிறது, கர்ப்பம் என்றால் சுயவைத்தியம் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே கலவை க்ரீம் போட்டவர்களும் இந்த லிஸ்ட்டில் உண்டு. தலையிலும் நகத்திலும் வந்தால் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படும். அதையும் நாமே வாங்கிப் போடக்கூடாது. தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையா இல்லையா என்று தெரிந்துவிடும்.

தாம்பரத்திலிருந்து அதே ரயில் பாதையில் போனால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எதிர்த்திசையில் சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. இரண்டிலும் தோல் சிகிச்சைப் பிரிவு உண்டு. போகும்போது இதுவரை போட்ட ட்யூபையும் மறக்காமல் எடுத்துட்டுப் போங்க. தினமும் இதே பிரச்னையைப் பார்க்கிற டாக்டருக்கு உங்க படர்தாமரை ஒரு அதிசயமே இல்லை. அங்கே ஐந்து நிமிஷம் கூச்சப்பட்டால், ரூமில் ஐந்து மாதம் சொறிய வேண்டியிருக்காது!