உருகும் பனியில் உறையும் வெப்பம்

வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றே என்று முற்காலத்தில் பலரும் கருதினர். அது மெய்யாயின், உருகுநிலையை எட்டிய பனிக்கட்டி சிறிதளவு வெப்பம் கிட்டியதுமே முழுவதும் நீராகிவிட வேண்டும். இளவேனில் பிறந்ததும் குளிர்நாடுகளின் மலைப்பனி ஒருசேர உருகிப் பெருவெள்ளமாய் ஊர்களை அழித்திருக்கும். அவ்வாறு நிகழாதது ஏன்?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் பிளாக் 1760களின் தொடக்கத்தில் இதற்கு விடை கண்டார். உருகும் பனிக்கட்டி இடைவிடாது வெப்பத்தை ஏற்கிறது. எனினும், அது உருகித் தீரும்வரை வெப்பமானி உருகுநிலையிலேயே நிற்கிறது. இவ்வாறு மறைந்து நிற்பதே உள்ளுறை வெப்பம்.

திண்மத்தில் மூலக்கூறுகள் தத்தம் இடத்திலேயே அதிர்கின்றன. நீர்மத்தில் ஒன்றையொன்று நழுவிச் செல்கின்றன. வாயுவில் பிரிந்து திரிகின்றன. உள்ளுறை வெப்பம் அவற்றின் வேகத்தைக் கூட்டுவதில்லை. அவற்றிடையேயுள்ள பிணைப்பைத் தளர்த்தவே செலவாகிறது. ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 80 கலோரி வேண்டும். அந்நீர் 0 பாகையிலிருந்து 100 பாகை செல்சியஸை எட்ட 100 கலோரி போதும். கொதிநிலையில் அது ஆவியாகவோ 540 கலோரி தேவை. அந்த ஆவி மீண்டும் நீராகும்போது அத்தனை வெப்பத்தையும் வெளிவிடுகிறது. கொதிநீரினும் நீராவி கொடிதாகச் சுடுவது இதனாலேயே.

மலைப்பனி மெல்ல உருகிக் கோடையிலும் ஆறுகளை ஓடச் செய்வதும் இந்த உள்ளுறை வெப்பத்தினாலேயாம்.