புளி தாங்கும், தேங்காய் தாங்காது

தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேளுங்கள். அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. மிஞ்சிய சாப்பாட்டை என்ன செய்யலாம் என்று யாரைக் கேட்டாலும் உடனே ஒரு செய்முறை சொல்வார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மிஞ்சியது புளியில் கொதித்ததா, தேங்காய் சேர்ந்ததா, வெறும் சோறா? மூன்றும் இரவைக் கடக்கிற விதம் வேறு. அது பிடிபட்டுவிட்டால் செய்முறை தானாக வரும்.

முதலில் புளி. சீனப் புத்தாண்டு விருந்து ஓய்ந்ததும் பினாங்கு ஜார்ஜ்டவுனின் ஹொக்கியென் வீடுகளிலும் ஞோஞா வீடுகளிலும் ஒரு பெரிய சட்டி அடுப்பேறும். மிஞ்சிய வாத்து, கோழி, பன்றி வறுவல், அவற்றின் எலும்பு எல்லாம் அதற்குள் போகும். கூடவே காய் சோய் என்று பாசாரில் விற்கிற பெரிய கடுகுக்கீரை, காய்ந்த மிளகாய், நாலைந்து ஆசாம் கெப்பிங். இந்த ஆசாம் கெப்பிங் காயவைத்த புளிப்புக்காய் வில்லை. மலையாளிகளின் குடம்புளிக்கு நெருங்கிய உறவு. சட்டி சிறுதீயில் மணிக்கணக்கில் கொதிக்கும். எலும்பில் இருக்கிற பசை குழம்பில் இறங்கும், வறுவலின் கொழுப்பைக் கீரை இழுத்துக்கொள்ளும், கீரையின் கசப்பைப் புளிப்பு அடக்கும். சாய் புவே என்று இதற்குப் பெயர். இதன் ருசிக்காகவே கொஞ்சம் கூடுதலாகச் சமைத்து மிஞ்ச வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்புறம் அதை மிச்சம் என்று எப்படிச் சொல்வது?

நம் வீடுகளில் இதற்குச் சமமானது சுண்டக்கறி. பழங்கறி என்றும் சொல்வார்கள், ஊருக்கு ஊர் பெயர் மாறும். பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ வைத்த சாம்பார், காரக்குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் மண்சட்டியில் ஒன்றாக ஊற்றி, தண்ணீர் வற்றிக் கெட்டியாகும் வரை சுண்ட விடுவது. மறுநாள் பழைய சோற்றுக்கு அதைவிடத் தோதான துணை கிடையாது. இரண்டு சமூகமும் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றதாக நான் நினைக்கவில்லை. ஐஸ்பெட்டி இல்லாத காலத்தில், வெயில் ஊரில், விருந்து வைத்த எந்த அடுப்பும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கும்.

காரணம் இதுதான். உணவைக் கெடுக்கிற நுண்ணுயிர்கள் பெரும்பாலானவற்றுக்குப் புளிப்பு ஆகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட, உப்பும் புளியும் ஏற ஏற, அவற்றுக்கு வாழ இடம் குறைகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன்: முழுச்சட்டியையும் தினமும் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்குகிற பழக்கம் வேண்டாம். ஆறிக்கொண்டிருக்கிற அந்த நேரம்தான் ஆபத்து. கொதித்ததும் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஐஸ்பெட்டியில் வையுங்கள். வேண்டியதை மட்டும் எடுத்துக் கொதிக்க வைத்தால் போதும்.

தேங்காய் அப்படி இல்லை. தேங்காய்ப்பாலில் புளிப்பு இல்லை. சர்க்கரை, புரதம், ஈரம் மூன்றும் உண்டு. பினாங்கில் மதியம் 31, 32 டிகிரி அடிக்கும், ராத்திரியிலும் 24க்குக் கீழே அபூர்வமாகத்தான் இறங்கும். நுண்ணுயிர்களுக்கு அது திருவிழா. அதனால் சட்னி, குருமா, சொதி, சாந்தான் என்கிற தேங்காய்ப்பால் ஊற்றிய கறி எதையும் சுண்டக்கறிச் சட்டியில் சேர்க்காதீர்கள். அதை அன்றைக்கே தீர்க்கப் பாருங்கள், இல்லையென்றால் உடனே உறைய வையுங்கள். பால் பிழிந்த பிறகு நிற்கிற தேங்காய்ச் சக்கையை மட்டும் எறிய வேண்டாம். வாணலியில் எண்ணெய் விடாமல் பொன்னிறமாக வறுத்து, காய்ந்த மிளகாய், உப்பு, கொஞ்சம் புளி வைத்துப் பொடித்தால் நல்ல பொடி. ஈரம் போய்விட்டதால் அது சில நாள் நிற்கும்.

தேங்காய் என்றதும் தைப்பூசம் நினைவுக்கு வருகிறது. வெள்ளி ரதம் போகிற தெருவெல்லாம் தேங்காய் உடைத்துக் குவிப்பதைக் குறைக்கச் சொல்லி பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. நேர்த்திக்கடனில் தலையிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் ரோட்டில் சிதறி வெயிலில் கிடந்த தேங்காயை வீட்டுக்குக் கொண்டுவந்து சமைப்பது சிக்கனமாகாது.

இப்போது சோறு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சோற்றைச் சூடாக்கிவிட்டால் எல்லாம் செத்துவிடும் என்ற நம்பிக்கை தவறு. அரிசியில் இயல்பாகவே இருக்கிற பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைக்கும். சோறு மேசைமேல் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து ஒரு நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு 121 டிகிரிச் சூட்டைக்கூடத் தாங்கும். உங்கள் வாணலி அதை ஒன்றும் செய்யாது. ஆகவே வடித்த 2 மணி நேரத்துக்குள் சோற்றைத் தட்டில் பரப்பி ஆற்றி, மூடி, ஐஸ்பெட்டியில் வைத்துவிட வேண்டும். குளிரில் சோற்றின் மாவுச்சத்து மறுபடி இறுகும். பருக்கை பருக்கையாக உதிரும். நாசி கோரேங் என்கிற வறுத்த சோற்றுக்கு நேற்றைய சோறுதான் வேண்டும் என்று கடைக்காரர் சொல்வது அதனால்தான். புதுச்சோற்றைப் போட்டால் களியாகிவிடும்.

பழைய சோறு வேறு கணக்கு. ஆறிய சோறு மூழ்கத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க வைக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு புளிப்பை ஏற்றுகின்றன. கை படாத, குழம்பு கலக்காத சோறு, கொதித்து ஆறிய தண்ணீர், சுத்தமான சட்டி: இவ்வளவுதான் நிபந்தனை. 1941 டிசம்பரில் தொடங்கி 1945 செப்டம்பர் வரை நீண்ட ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வளர்ந்த தலைமுறை, ஒரு பிடி சோற்றையும் கொட்டாது. அவர்களுக்கு ஐஸ்பெட்டி இல்லை, அதனால் மிச்சம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. நமக்கு உள்ளே தள்ளிவிட்டு மறக்கிற வசதி கிடைத்துவிட்டது.

கனிந்து தோல் கறுத்த வாழைப்பழத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. மசித்து, மாவும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துப் பிசைந்து எண்ணெயில் போட்டால் மலாய்க்காரர் வீட்டுச் செக்கோடோக். பழத்தின் மாவுச்சத்து பெரும்பாலும் சர்க்கரையாகிவிட்டதால் தனியாகச் சீனி வேண்டாம்.

பழத்தோலையும் காய்த்தோலையும் வைத்துச் செய்கிற என்சைம் ஒன்று பினாங்கில் ரொம்பப் பிரபலமாக இருந்தது. ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர், பிளாஸ்டிக் புட்டியில் மூன்று மாதம். முதல் மாதம் வாயு கிளம்பும், தினமும் மூடியைத் தளர்த்திவிட வேண்டும். கண்ணாடிப் புட்டி வெடிக்கலாம். கிடைப்பது ஏறக்குறைய ஒரு மெல்லிய வினிகர். தரை துடைக்கலாம், சிங்க் கழுவலாம். பூமியையே குணமாக்கும் என்று சொல்வதை நான் நம்பவில்லை. மூன்று கிலோ தோலைக் காப்பாற்ற ஒரு கிலோ வெல்லம் வாங்குவதும் எனக்குச் சிக்கனமாகப் படவில்லை. தோலைப் பூந்தொட்டி மண்ணில் புதைத்தால் செலவே இல்லை. தீவின் குப்பை பத்து மாவுங் போய், அங்கிருந்து பெருநிலத்தில் நிபோங் திபால் பக்கத்து பூலாவ் பூரோங் கிடங்குக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அந்தக் கிடங்கு பற்றி எரிந்து சுற்று வட்டாரமே புகையில் திணறியது. ஈரத்தோல் அங்கே போகாமல் இருந்தாலே பெரிய காரியம்.

சமையலறைக்கு வெளியே, பழைய கோப்பிக் கடைகளின் பால் டின் எனக்குப் பிடித்தது. கட்டிப்பால் தீர்ந்த டின்னின் மூடியை முழுக்க வெட்டாமல் நிமிர்த்தி, துளையிட்டுக் கயிறு கோத்தால் கோப்பியைத் தூக்கிப் போகலாம். வீட்டில் அதே டின் அரிசி அளக்கிற படி. பிளாஸ்டிக் பை வந்ததும் கயிறு கோத்த டின் போயிற்று.

சிவப்பு ஆங்பாவ் பண உறைகள் இன்னும் எல்லா வீட்டிலும் குவிகின்றன. பத்துப் பன்னிரண்டு உறைகளை நீளவாக்கில் பாதியாக மடியுங்கள். மடிப்பு வெளியே பார்க்க வேண்டும். ஒன்றின் ஓரத்தை அடுத்ததன் ஓரத்தோடு ஸ்டேப்ளரால் அடித்து வட்டமாக மூடினால் நட்சத்திர வடிவில் கூண்டு நிற்கும், மேலே நூல் கோத்துத் தொங்கவிடலாம். நாம் தீபாவளிக்குக் கொடுக்கிற ஊதா உறைகளையும் இடையிடையே சேர்த்தால் இன்னும் எடுப்பாக இருக்கும். உள்ளே மெழுகுவர்த்தி மட்டும் வைக்காதீர்கள், தாள் பற்றிக்கொள்ளும். பேட்டரி பல்ப் போதும்.