சென்னை ஜெயித்தது... சென்னைக்குத் தெரியாது!

2019 மார்ச் 9, சனிக்கிழமை ராத்திரி. மயிலாப்பூர் மாட வீதியில் வழக்கமான கடை வாசலில் நாங்கள் நாலு பேர் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தோம். செல்போனைப் பார்த்த நான் உற்சாகத்தில் கத்திவிட்டேன்.

"டேய்... சென்னை சாம்பியன்டா!"

பக்கத்தில் நின்ற நண்பன் டபராவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "ஐ.பி.எல். ஆரம்பிக்கவே இன்னும் ரெண்டு வாரம் இருக்கே... யார்கிட்டடா ஜெயிச்சாங்க?"

"கிரிக்கெட் இல்லடா. ஃபுட்பால். ஐ-லீக்."

"ஓ..." என்றான். அந்த 'ஓ'வில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. எதிர் ஃபிளாட்டுக்காரரின் மச்சினனுக்கு டிரான்ஸ்ஃபர் என்றால் சொல்வோமே, அந்த மாதிரி ஒரு 'ஓ'. அதற்குள் இன்னொருத்தன், "சேப்பாக்கம் டிக்கெட் எப்பத் தர்றானாம்?" என்று கேட்க, பேச்சு அந்தப் பக்கம் ஓடிவிட்டது.

ஐ-லீக் பட்டத்தை ஒரு தமிழ்நாட்டு கிளப் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அந்த சரித்திர நிகழ்ச்சி மயிலாப்பூரில் இப்படித்தான் கோலாகலமாகக் கொண்டாடப்பட்டது.

அந்த கிளப் இன்று லீகில் இல்லை. காணாமல் போனதும் அதே 'ஓ'தான். அதனால்தான் அதன் கதையை ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நுங்கம்பாக்கத்துப் பிள்ளை

கிளப்பின் பெயர் சென்னை சிட்டி எஃப்.சி. பிறந்த வருஷம் 1946. சுதந்திர இந்தியாவைவிட ஒரு வயசு மூத்தது! அப்போது பெயர், நுங்கம்பாக்கம் ஸ்போர்ட்ஸ் கிளப். தி.நகரிலிருந்து கூப்பிடு தூரம்.

அந்தக் காலத்து மெட்ராஸ் ஃபுட்பாலில் 'தொழில்முறை கிளப்' என்ற சமாசாரமே கிடையாது. நன்றாக ஆடுகிறவனுக்கு வங்கியிலோ, ரயில்வேயிலோ, போலீஸிலோ வேலை போட்டுக் கொடுப்பார்கள். 1996-ல் தேசிய லீக் ஆரம்பித்தபோது நம் ஊரிலிருந்து போன அணி, இந்தியன் வங்கி. சபீர் பாஷா போன்ற ஸ்டிரைக்கர்கள் அதில் ஆடினார்கள். பந்து கோலுக்கு வெளியே போனாலும் பி.எஃப். கைக்குள் இருக்கும். கால் உடைந்தாலும் கவுன்ட்டரில் உட்கார வேலை இருக்கும்.

தொழில்முறை கிளப்புக்கு அந்த பாக்கியம் கிடையாது. அதற்குப் பின்னால் கஜானா இல்லை. டிக்கெட், ஸ்பான்ஸர், டி.வி. பணம், ஆட்டக்காரரை வேறு கிளப்புக்குக் கொடுத்தால் வரும் தொகை... இந்த நாலு வழியில் வரும் காசில்தான் சம்பளம், ஓட்டல், விமானம், மைதான வாடகை எல்லாம். நாலும் வறண்டால் முதலாளியின் பாக்கெட். பாக்கெட்டுக்கு அடி ஆழம் எவ்வளவோ, அதுதான் கிளப்பின் ஆயுசு.

2016 டிசம்பரில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் சென்னை சிட்டிக்கு ஐ-லீகில் நேரடியாக இடம் கொடுத்தது. நுங்கம்பாக்கத்துப் பிள்ளை தேசிய மேடை ஏறியது. முதல் சீஸன், பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில்.

அந்த ஸ்டேடியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1956 ஜனவரியில், அது கார்ப்பரேஷன் ஸ்டேடியமாக இருந்தபோது, நியூஸிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் அடித்து உலக சாதனை செய்தது இங்கேதான். சேப்பாக்கம் போதாதென்று, நம் ஊரில் கால்பந்து மைதானத்தின் பழங்கதையிலும் கிரிக்கெட்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது!

இப்போது என் பங்கு. அந்த 2017 சீஸனில் ஒரு மேட்சுக்கு நண்பர் ஒருவர் எனக்கு டிக்கெட் கொடுத்தார். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் பார்க் டவுன். அங்கிருந்து பொடிநடை. மொத்தம் அரைமணி சமாசாரம். ஆனால் அன்று ஆபீஸில் இயர் எண்டிங் வேலை. முடித்துவிட்டு வெளியே வந்தபோது, இன்னும் செகண்ட் ஹாஃபுக்காவது போயிருக்கலாம். சோம்பல். 'அடுத்த மேட்ச் பார்த்துக்கலாம்' என்று வீட்டுக்குப் போய் ரசம் சாதம் சாப்பிட்டேன்.

அந்த அடுத்த மேட்ச் எனக்கு வரவே இல்லை. மறு சீஸன், சென்னை சிட்டி கோயம்புத்தூருக்கு ஜாகை மாற்றிக்கொண்டது.

"எங்கூரு டீமுங்க!"

பெயர் சென்னை. ஆடுவது கோவை நேரு ஸ்டேடியத்தில். ரேஷன் கார்டில் ஒரு அட்ரஸ், குடியிருப்பது வேறு அட்ரஸ் என்கிற மாதிரி. எங்கள் ஆபீஸில் கோவைக்காரர் ஒருவர் உண்டு. "ஏனுங்க, நீங்க பேரு மட்டும் வெச்சீங்க. பாத்துக்கிட்டது நாங்கதானுங்க!" என்பார். பதில் சொல்ல வாய் இருக்கவில்லை.

கோவையிலும் முதல் வருஷம் சுகப்படவில்லை. 2018 பிப்ரவரியில் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலிடம் வாங்கினார்கள் பாருங்கள் ஒரு அடி... 7-1! அதில் நாலு கோல் டூடூ என்ற ஒரே ஆளுடையது. ஃபுட்பாலில் ஏழு என்பது கிரிக்கெட்டில் இன்னிங்ஸ் தோல்விக்குச் சமம். மானம் கப்பல் ஏறி, ஹூக்ளியில் போய்விட்டது.

அடுத்த சீஸனுக்கு சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். அவர் சொன்ன ஆட்டம் ரொம்ப எளிமை: பந்தைத் தூக்கி அடிக்காதே, தரையில் வைத்துப் பாஸ் கொடு. அதற்கு ஏற்ற மாதிரி ஸ்பெயினிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சான்ட்ரோ ரோட்ரிகஸ்... பெரிய பேரெல்லாம் இல்லை. ஆனால் கூட ஆடியவர்கள் நம் பையன்கள். நெய்வேலி எட்வின் சிட்னி வான்ஸ்பால் பந்தை வாங்கிக் கொடுக்க, மான்சி வலையில் போட்டுக்கொண்டே இருந்தார். அந்த சீஸனில் அவர் கணக்கு 21 கோல்.

கடைசி நாள். அதே மார்ச் 9. எதிரே மினர்வா பஞ்சாப். ஜெயித்தால் கோப்பை. சறுக்கினால், கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போய்விடும். ஆரம்பித்த மூன்றாவது நிமிஷமே மினர்வா கோல்! கோவை ஸ்டேடியத்தில் எத்தனை பேர் வேண்டுதல் வைத்தார்களோ, ஈச்சனாரி விநாயகருக்குத்தான் தெரியும். இரண்டாவது பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா. அவர் ஒரு டிஃபண்டர். கோலைத் தடுக்க வேண்டிய மனுஷன், அன்று போய் இரண்டு கோல் போட்டார். 3-1.

கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. ஆனால் 20 மேட்ச் முடிவில் சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரு வருஷத்துக்கு முன் ஏழு கோல் போட்டுச் சிரித்தவர்களை, ஒரே ஒரு புள்ளியில் முந்தியாகிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. நம் ஊரின் இன்னொரு கிளப் சென்னையின் எஃப்.சி., அபிஷேக் பச்சனும் தோனியும் பங்குதாரர்களாக இருக்க, 2014-ல் ஐ.எஸ்.எல்.லுக்காகவே ஆரம்பிக்கப்பட்டது. 2015-லும் 2018-லும் சாம்பியன். 2015 வெள்ளத்தில் ஊரே மிதக்க, சொந்த ஊர் செமிஃபைனலைப் புனேயில் ஆடிவிட்டு, கோவாவில் போய்க் கோப்பை வாங்கிய வீரர்கள் அவர்கள். அப்பேர்ப்பட்ட சென்னையின், 2018-19-ல் 18 மேட்சில் 9 புள்ளி எடுத்து ஐ.எஸ்.எல்.லில் கடைசி! ஒரே சீஸனில், சென்னையில் ஆடிய சென்னை கடைசி. கோவையில் ஆடிய சென்னை முதல். வாஸ்துக்காரர்கள் கவனிக்க.

ராங் டயத்தில் அடித்த லாட்டரி

பி.காம். படித்த பாவத்துக்கு எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது கோப்பையோடு ஃபோட்டோவுக்கு நின்றால், 'இதை எந்தக் கணக்கில் காட்டுவார்கள்?' என்று யோசிப்பேன்.

சென்னை சிட்டியின் கணக்கு அப்போது பிரமாதமாகத்தான் தெரிந்தது. 2019-லேயே ஸ்விட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் 26 சதவிகிதப் பங்கு வாங்கியது. ஏப்ரலில் சூப்பர் கப்பில், ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூருவையே 2-1 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆனால் லாட்டரி அடித்த நேரம் சரியில்லை. 2019 அக்டோபரில் ஆசிய கால்பந்து சம்மேளனம் ஒரு பாதை வகுத்தது: இனி நாட்டின் முதல் லீக் ஐ.எஸ்.எல். ஐ-லீக் இரண்டாவது படி. நீங்கள் கஷ்டப்பட்டு எம்.ஏ. முடித்த வருஷம், 'இனிமேல் இது டிப்ளமாவுக்குச் சமம்' என்று யுனிவர்சிட்டி சர்க்குலர் அனுப்பினால் எப்படி இருக்கும்? அதேதான். இரண்டாவது படிக்கு டி.வி. வெளிச்சம் குறைவு. வெளிச்சம் குறைந்தால் ஸ்பான்ஸருக்குக் கண் தெரியாது.

ஐ-லீகை ஜெயித்தால் ஐ.எஸ்.எல்.லுக்கு ப்ரமோஷன் என்ற விதி 2022-23 சீஸனில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த வருஷம் ஜெயித்த பஞ்சாப் அணி மேலே போனது. அதே கோப்பையை நாலு வருஷம் முன்னால் ஜெயித்த சென்னை சிட்டிக்குக் கிடைத்தது கைத்தட்டல்.

பிறகு எல்லாம் இறக்கம். 2020-ல் மான்சி ஜப்பானுக்குப் போனார். மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மசியாவோடு ஒரு மேட்ச் ஆடியதும் கொரோனா வந்து கடையைச் சாத்தியது. 2020-21 ஐ-லீக் முழுக்கக் கொல்கத்தாவில் பூட்டிய கதவுகளுக்குள் நடந்தது. டிக்கெட் காசு பூஜ்யம். சென்னை சிட்டி மேல் பாதிக்கே வரவில்லை. 2021-22 சீஸன் அட்டவணை வந்தபோது, அதில் 13 அணிகள் இருந்தன. சென்னை சிட்டி இல்லை.

சாம்பியன் பட்டத்துக்கும் பெயர் இல்லாத பட்டியலுக்கும் நடுவே மூன்று வருஷம்கூட இல்லை. 1946-லிருந்து வந்த கதை!

பாக்கிதாரர் பட்டியல்

"எல்லாத்துக்கும் முதலாளிகள்தான் காரணம்", "சம்மேளனம் சரியில்லை" என்று பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிவிடலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் கொல்கத்தாவைப் பாருங்கள். ஈஸ்ட் பெங்கால் ஐ.எஸ்.எல்.லுக்குப் போன பிறகு வருஷக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்தது. முதலாளி மாறினார், கோச் மாறினார். மாறாத ஒன்று, காலரி. கிளப் விழுந்தால் ஊர் தெருவில் இறங்கும் என்ற பயமே அதற்கு இன்ஷூரன்ஸ்.

2023 ஆகஸ்டில், டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று ஜெயித்தது. நாலரை வருஷத்துக்குப் பிறகு கிடைத்த டெர்பி வெற்றி. பெரியவர்கள் எல்லாம் அழுதார்கள். அந்த ஒரு கோலைப் போட்ட பையன் நந்தகுமார் சேகர். சென்னைப் பையன். 2017-ல் பெரியமேட்டில் சென்னை சிட்டிக்கு ஆடியவன். அதாவது, நான் ரசம் சாதம் சாப்பிடப் போன சீஸனில்!

சென்னையிலும் ரசிகர்கள் இல்லாமல் இல்லை. சென்னையின் மேட்ச்களுக்கு 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' என்று நீலச் சட்டையில் தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு என் நமஸ்காரம். ஆனால் அந்த கிளப்பே 2025 ஆகஸ்டில், ஐ.எஸ்.எல். நடக்குமா நடக்காதா என்று தெரியாத குழப்பத்தில், வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. அன்றைக்கும் காபிக் கடைக்குப் போனேன். 'ஓ' கூட வரவில்லை.

கம்பெனிக் கணக்கில் 'குட்வில்' என்று ஒன்று உண்டு. கையில் பிடிக்க முடியாது. ஆனால் கடையை விற்கும்போது அதற்குத்தான் விலை. ஃபுட்பால் கிளப்புக்கு குட்வில் என்பது ஸ்டாண்டில் உட்காரும் நாம்தான். கோப்பை ஒரு ராத்திரி. குட்வில், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நாம் போடும் சிறுசேமிப்பு. நூறு, இருநூறு ரூபாய் டிக்கெட்தான். ஆனால் பத்தாயிரம் பேர் வந்து உட்கார்ந்த இடத்தைத் தேடி ஸ்பான்ஸர் தானாக வருவான்.

சென்னை சிட்டியின் கணக்கை நான் எழுதினால், சொத்துப் பக்கத்தில் ஒரு கோப்பை, 43 புள்ளி, மான்சியின் 21 கோல். அப்புறம், வசூலாகாத பாக்கி என்று ஒரு நீளமான பட்டியல். 'அடுத்த மேட்ச் பார்த்துக்கலாம்' என்று சொன்ன அத்தனை பேரும் அதில் இருப்பார்கள்.

முதல் பெயர் என்னுடையது. அந்த டிக்கெட் இன்னும் என் பழைய பர்ஸில் கிழிக்கப்படாமல் இருக்கிறது.