பேச்சுக்கு மதிப்பெண் இடும் பொறி



கொள்ளிடத்தின் வடபால் உள்ள ஏலாக்குறிச்சி, வீரமாமுனிவர் வாழ்ந்து பணிபுரிந்த ஊர். பழஞ்சுவடிகளில் புள்ளியிடாமல் எழுதும் வழக்கத்தால், ‘எரி’ எது, ‘ஏரி’ எது என்று படிப்போர் மயங்கினர். அம்மயக்கத்தை வரிவடிவத்தால் நீக்கியவர் என்று அவரைத் தமிழுலகம் போற்றுகிறது. எழுத்திலே காக்கப்பெற்ற அந்தத் தெளிவு தொலைபேசியிலும் காக்கப்பெறுகின்றதா என்பதே நான் இன்று ஆராய விரும்பும் பொருள்.

கைப்பேசியில் நம் பேச்சு, 20 மில்லி வினாடி அளவுள்ள சிறு துண்டுகளாகச் செல்கிறது. சில துண்டுகள் வழியிலே தொலைந்துபோதலும் உண்டு. அவ்விடத்தைக் கருவி முந்திய ஒலியைக்கொண்டு ஒருவாறு நிரப்புகிறது. வந்தடைந்த பேச்சின் தரத்தை அறிவது எங்ஙனம்? பலரைக் கேட்கச் செய்து, 1 முதல் 5 வரை மதிப்பெண் இடச் சொல்லிச் சராசரி காண்பது ஒரு முறை. அது செம்மையானதே, ஆயினும் காலமும் பொருளும் மிகுதியாக வேண்டுவது.

ஆகவே பொறியே தேர்வாளர் ஆயிற்று. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2001-இல் ‘பெஸ்க்’ என்னும் முறையையும், 2011-இல் ‘போல்கா’ என்னும் முறையையும் வெளியிட்டது. அனுப்பிய பேச்சையும் வந்த பேச்சையும் பொறி காலத்தால் பொருத்துகிறது. இரண்டையும் மனிதச் செவி உணரும் வடிவிற்கு மாற்றுகிறது. செவிக்குப் புலனாகும் வேறுபாட்டை மட்டும் அளந்து, மதிப்பெண் தருகிறது. மூலப் பேச்சு கிட்டாதபோது, வந்த ஒலியை மட்டும் கொண்டு மதிப்பிடும் முறையொன்றும் 2004-இல் வகுக்கப்பெற்றது.

இங்கே ஒன்றை நாம் மறத்தலாகாது. பொறி அளப்பது ஒலியின் தரத்தை, சொல்லின் பொருளையன்று. கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகும் நாளில், ‘ஆற்றில் இறங்கலாகாது’ என்று ஒருவர் எச்சரிப்பதாகக் கொள்வோம். இறுதியிலுள்ள ‘காது’ மட்டும் தேய்ந்துவிட்டால், கேட்பவர் ‘இறங்கலாம்’ என்றே கொள்ளக்கூடும். எட்டு வினாடிப் பேச்சில் அச்சிறு பகுதி கெட்டால் மதிப்பெண் சிறிதளவே குறையலாம், பொருளோ தலைகீழாகிவிடும், உயிருக்கே ஊறு நேரலாம்.

எனவே, பொறியின் எண்ணோடு தமிழ்ச் செவியின் தீர்ப்பும் வேண்டும். இதனை நீங்களே செய்து பார்க்கலாம். ‘எரி, ஏரி’, ‘பல்லி, பள்ளி’, ‘கொடு, கோடு’ போன்ற சொற்களைக் கலந்து ஒருவர் தொலைபேசியிற் சொல்லட்டும். மற்றவர் கேட்டபடி எழுதட்டும். பிழைகளை எண்ணுங்கள். பொறி சொல்லாத செய்தியை அவ்வெண் உங்களுக்குச் சொல்லும்.